அப்பா ஃபிட் போடாத அறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம், அல்வாலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். அப்போது பார்த்து என் மகள் கைபேசியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். "அம்மா, வைசாக்ல ரூம். ஸீ வ்யூ தீஸ்குந்தாமா, சிட்டி வ்யூ தீஸ்குந்தாமா?" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் தெலுங்குதான் வரும், கோபம் என்றால் ஆங்கிலம். கடல் தெரிகிற அறையை எடுப்பதா, ஊர் தெரிகிற அறையை எடுப்பதா என்பது கேள்வி. அடுத்த மாதம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. அவள், அவள் அப்பா, நான், எங்களோடு இருக்கும் என் அம்மா என்று நாலு பேர் விசாகப்பட்டினம் போவதாக ஏற்பாடு.

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். படத்துக்குப் படம் வெள்ளை வெளேரென்று மெத்தை. மெத்தைமேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து உட்காரவைத்திருந்தார்கள். துண்டால் உடம்பைத் துடைப்பார்களா, அதைக் கும்பிடுவார்களா என்று கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. அங்கே போய்த் தங்கி வந்தவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஒருவர் காலை இட்லி கல்லாக இருந்தது என்கிறார். இன்னொருவர் அதே இட்லி பஞ்சு என்கிறார். இதை எல்லாம் படித்து முடித்து அறை எடுப்பதற்குள் அடுத்த விடுமுறையே வந்துவிடும்.

எல்லாம் தெரிகிறது அந்தப் படத்தில், வாசனை மட்டும் இல்லை. எனக்கு லாட்ஜ் என்றால் முதலில் வருவது வாசனைதான். பினாயில், அதற்கு அடியில் லேசாக ஈர மெத்தை, அதற்கும் அடியில் முந்தைய ஆள் ஏற்றிவிட்டுப் போன ஊதுபத்தி. விசாகப்பட்டினமாக இருந்தால் இதோடு உப்புக் காற்றும் சேரும். நாலும் சேர்ந்த அந்த வாசனை எங்கேயாவது அடித்தால் போதும், நான் பத்து வயதுப் பெண்ணாகி, அப்பாவுக்குப் பின்னால் மூச்சிரைக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்தார். அரக்கோணத்துக்காரர், வேலை கிடைத்து இந்தத் தெலுங்குப் பக்கம் வந்து மௌலா அலி ரயில்வே காலனியில் குடித்தனம் போட்டவர். வண்டி வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு இறங்கிப் போவார். சக்கரத்தை ஒரு தட்டு, ஸ்ப்ரிங்கை ஒரு தட்டு. சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கோளாறு உள்ள பெட்டிக்குச் சாக்பீஸால் குறி போட்டு 'சிக்' என்று எழுதுவார்கள். ரயில்வேயில் பெட்டிக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். அது சரியாகும்வரை தனித் தண்டவாளத்தில் படுத்திருக்கும். கோளாறு இல்லாத பெட்டிக்கு 'ஃபிட்'. அதற்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுடைய வேலை பார்ப்பதும் குறிப்பதும் மட்டும்தான். சரிசெய்வது ஃபிட்டர்கள் வேலை. "மார்க் பண்றவன் ரிப்பேர்ல கை வெக்கக் கூடாது. வெச்சா அவன் கண்ணு கெட்டுடும்" என்பார்.

இந்த 'சிக்', 'ஃபிட்' இரண்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து நெடுநாள் ஆகியிருந்தது. புளித்துப்போன மாவு சிக். கிழிந்த செருப்பு சிக். மாப்பிள்ளை பார்க்கப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் "பையன் ஃபிட்டா?" என்று அப்பா கேட்டு, அவர் மூன்று வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தார்.

விசாகப்பட்டினம் போக வேண்டும் என்ற ஆசை அம்மாவுடையது. அதைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து வீட்டு ஜரினா ஆன்ட்டி. வருஷா வருஷம் கிடைக்கிற ரயில்வே பாஸில் நாங்கள் அரக்கோணத்துக்குப் போய், ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட்டு, எல்லோரிடமும் குறை கேட்டுக்கொண்டு திரும்புவோம். ஆன்ட்டி குடும்பம் அப்படி இல்லை. பாஸை வைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறவர்கள். விசாகப்பட்டினம் போய்வந்த மறுநாள் அம்மாவிடம், "பலங் பே லேட் கே ஜஹாஜ் தேக்கே, பாபி!" என்று கையை விரித்துச் சொன்னார். கட்டிலில் படுத்தபடியே கப்பல் பார்த்தார்களாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் டால்பின் நோஸ் என்று ஒரு மலை. அதன் ஓரமாகக் கப்பல் மெல்ல உள்ளே வருமாம். இங்கே நாம் எழுந்து தலை வாரி முடிப்பதற்குள் அது ஒரு முழம்தான் நகர்ந்திருக்குமாம்.

அம்மா அதுவரை கடலை ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் மெரினாவில், கூட்டத்துக்கு நடுவில் அப்பாவின் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். விடியற்காலையில் எழுந்தால் பாய் சுருட்டுகிறதிலிருந்து ஓட்டம் ஆரம்பிக்கும் அவளுக்கு. படுத்தபடி எதையாவது பார்ப்பது என்பதே அவளுக்குப் புதுசு. கப்பலைவிட அந்தப் 'படுத்தபடி'தான் அவளைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. புடவை, நகை என்று எதையும் கேட்காதவள் இதை மட்டும் கேட்டாள். சமைக்கும்போது கேட்டாள், துணி பிழியும்போது கேட்டாள். அப்பா ஒரு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, அடுத்த வருஷம் பாஸை விசாகப்பட்டினத்துக்கு எழுதி வாங்கினார்.

அந்த முதல் பயணத்தில்தான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அப்பாவால் சுத்தியல் இல்லாமலும் பரிசோதனை செய்யாமல் இருக்க முடியாது. அம்மாவையும் தம்பியையும் என்னையும் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில், ஹோல்டால் படுக்கைச் சுருள்மேல் உட்காரவைத்துவிட்டு விடிகாலையில் போனவர், பதினொரு மணிக்குத்தான் திரும்பினார். ஏழு லாட்ஜ் பார்த்திருந்தார். கடலைப் பார்த்த அறைகள் இருந்தன. ஆனால் எல்லாம் சிக். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது, கீல் இறுகிப்போயிருக்கிறது, குழாய் சொட்டுகிறது, விசிறி முனகுகிறது. உப்புக் காற்று இரும்பை அரிக்கத்தான் செய்யும். கடல் தெரிகிற ஜன்னலில் துருப்பிடிக்காத கொக்கி கிடைக்குமா? அப்பாவின் கணக்குப்படி பார்த்தால் அந்த ஊரில் கடல் தெரியும் எந்த அறையும் தேறாது. இது அவருக்கு உறைக்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு நாலு தெரு தள்ளி, சுவரைப் பார்த்த ஓர் அறைக்கு ஃபிட் போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அதை மூன்று தடவை போட்டுத் திறந்து எங்களுக்குக் காட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் போனோம். இந்தத் தடவை அம்மா விவரமாகிவிட்டாள். வண்டியை விட்டு இறங்கியதும் என்னைத் தனியாக இழுத்து, ரிப்பனை இறுக்கிக் கட்டிக்கொண்டே காதோடு சொன்னாள்: "உங்கப்பா கூடவே போ. கடலு தெரியற ரூமா எடுக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. கட்டில்ல பட்த்துகினே கப்பல் பாக்கணும்டி எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் அம்மாவின் தூதராகத்தான் கிளம்பினேன், சத்தியமாக. ஆனால் இரண்டாவது லாட்ஜிலேயே கட்சி மாறிவிட்டேன். அப்பா வேலை பார்ப்பதை அதற்கு முன்னால் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கட்டிலின் நாலு மூலையிலும் உட்கார்ந்து பார்ப்பார். வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சாவிக்கொத்தால் கதவைத் தட்டிக் காதை வைப்பார். லாட்ஜ் மேனேஜர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "சார், மீரு ரூம் சூஸ்துன்னாரா, இஞ்ஜின் சூஸ்துன்னாரா?" என்றார். அறையைப் பார்க்கிறீர்களா, எஞ்சினைப் பார்க்கிறீர்களா என்று கிண்டல். அப்பா கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நானும் குனிந்தேன். அங்கே ஓர் உடைந்த சீப்பு கிடந்தது. "சிக்கு!" என்றேன். அப்பா சிரித்தார். அவர் வேலை நேரத்தில் சிரிக்கிற ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவதோ ஐந்தாவதோ லாட்ஜில், மூன்றாவது மாடியில், மூலை அறை. மேனேஜர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். கடல் முழுசாக உள்ளே வந்த மாதிரி இருந்தது. எதிரே அந்த மலை. மலைக்கு ஓரமாக ஒரு கப்பல், சிவப்பும் கறுப்புமாக. கட்டில் ஜன்னலை ஒட்டியே போட்டிருந்தது. ஆன்ட்டி சொன்ன அறையே இதுதானோ என்னவோ. அப்பா ஜன்னல் ஓரம் போய் நின்றார். கட்டிலில் உட்காரவில்லை. வாளி வைக்கவில்லை. விசிறி ஸ்விட்சை ஒரு தடவை போட்டு அணைத்தார், மேலே பார்க்கக்கூட இல்லை. திரும்பி, "ஃபிட்டு. இத்தயே எடுத்துக்கலாம். அம்மா சந்தோசப்படுவா" என்றார்.

மேனேஜர் ரிஜிஸ்தரை எடுக்கப் படி இறங்கினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அப்பா பார்க்காமல் விட்ட எதையாவது நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு அரித்தது. ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டினேன். கீழ்க் கீலில் இருந்த திருகாணி பொலபொலவென்று செந்தூளாக உதிர்ந்து, மிச்சம் என் கையோடு வந்துவிட்டது. கதவு ஒரு பக்கம் சாய்ந்தது. "அப்பா, இங்க பாருங்க! இது சிக்கு!" என்று கத்தினேன். கூடவே, "தம்பி ஏறி நின்னா விழுந்துடுவான்" என்று ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். தம்பிக்கு அப்போது நாலு வயது. ஜன்னலுக்குக் கம்பியும் கிடையாது.

அப்பா திருகாணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடலை ஒரு தடவை பார்த்தார். அவர் பையில் எப்போதும் திருப்புளி இருக்கும். கடைத்தெருவில் ஒரு திருகாணி வாங்கி வந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இந்த யோசனை எனக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று, அவருக்கு வரவே இல்லை. மார்க் பண்ணுகிறவர் ரிப்பேரில் கை வைக்கக் கூடாதே! மேனேஜர் மேலே வந்ததும் அப்பா, "வேற ரூம் சூபிஞ்சண்டி" என்று வேறு அறை காட்டச் சொன்னார். பிறகு என் தலையில் கை வைத்து, அவரிடம் தமிழிலேயே, "நான் வுட்டத்த எம் பொண்ணு புட்ச்சிட்டா, பாத்தீங்களா?" என்றார். அந்தக் கையின் கனம் இன்னும் எனக்குத் தெரியும். படி இறங்கும்போது மெல்ல, "அம்மாகிட்ட இந்த ரூமப் பத்தி ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அதே லாட்ஜில் பின்பக்கம் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டு. அம்மா வந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அப்பா தாழ்ப்பாளைப் போட்டுக் காட்ட முன்வந்தார். அவள் பார்க்கவில்லை. குளியலறைக்குள் என்னைக் கூப்பிட்டு, தம்பியின் சட்டையை அலசிக்கொண்டே கேட்டாள்: "நெஜமாவே கடலு பக்கம் ஒண்ணும் இல்லியாடி?"

"இல்லம்மா. எல்லாத்துலயும் ஆளு கீறாங்க" என்றேன்.

கண் சிமிட்டாமல் சொன்னேன். அவளும் நம்பிய மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. "உங்கப்பாவச் சாப்புடச் சொல்லு", "உங்கப்பாவ அந்தப் பைய எடுக்கச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவே போனது. அப்பா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "சாப்புட்டுக்கறேன்னு சொல்லு" என்பார். சாயங்காலம் கடற்கரையில் அவள் எங்களை விட்டுத் தள்ளிப் போய், புடவையைச் சொருகிக்கொண்டு, அலை வந்து வந்து கால் புதையும்வரை நின்றாள். மறுநாள் விடியற்காலையில் கண் விழித்தபோது அம்மாவைக் காணோம். தேடிப் போனால் மொட்டை மாடியில், காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு துண்டு கடல் தெரிந்தது. கப்பல் இல்லை. "நேத்தே உள்ள பூட்ச்சி போல" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் விசாகப்பட்டினம் போகவில்லை. தம்பியின் பரீட்சை, என் படிப்பு, என் கல்யாணம், அப்பாவின் ரிட்டயர்மென்ட் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் 'அடுத்த வருஷம்' என்றோம். அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

மகள் இன்னும் கைபேசியை நீட்டியபடி நின்றாள். "அம்மா, செப்பு" என்றாள் பொறுமையிழந்து. அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனேன். அம்மா படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. எண்பத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை, மற்றபடி நினைவெல்லாம் தெளிவு. கட்டில் ஓரம் உட்கார்ந்து, நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். மூலை அறை, கப்பல், திருகாணி, நான் சொன்ன பொய், எல்லாம்.

அம்மா சிரித்தாள். பல் செட் கழற்றி வைத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அத்த இப்ப சொல்றியா? திரும்பி வரும்போது ரயில்லயே உங்கப்பா சொல்ட்டாரு. 'நான் ஃபிட்டு போட்டுட்டேன், அவ ஒத்த ஸ்க்ரூல கவுத்துட்டா'ன்னு. அவரு மூஞ்சிய நீ பாக்கணுமே, அவ்ளோ சந்தோசம். அதுக்கு மேல அவராண்ட இன்னா சண்ட போடறது?"

"அப்ப ஏம்மா என்ன ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. எனக்குக் கோவம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் உள்ளுக்குள்ள இருந்துச்சு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இப்ப கடல் பக்கமே எடுக்கறோம். ஜன்னல ஒட்டிக் கட்டில். நீ படுத்துக்கினே பாக்கலாம்" என்றேன்.

"எனக்கு எதுக்குமா அதெல்லாம்? பட்த்தா தூக்கம் வந்துடுது. பாத்ரூமு கிட்ட இருக்கணும், படி இருக்கக் கூடாது, புடிச்சிக்கக் கைப்புடி இருக்கணும். அத்தப் பாரு மொதல்ல. கடல நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

நான் விடவில்லை. கப்பல் என்றேன், மலை என்றேன், ஜரினா ஆன்ட்டி என்றேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், குழந்தை சொல்வதற்கு ஆட்டுகிற மாதிரி. அவளுக்கு மறக்கவில்லை. நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கூடத்துக்கு வந்து மகளோடு உட்கார்ந்து மறுபடியும் படங்களைப் பார்த்தேன். கடல் பக்கத்து அறைகளில் குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. ஊர்ப்பக்கத்து அறையில் படி இல்லை, சுவரில் நல்ல எவர்சில்வர் கைப்பிடி இருந்தது. படத்தைப் பெரிதாக்கி அதன் திருகாணிகள்வரை பார்த்துவிட்டு, "இதையே போடு" என்றேன். மகள் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தட்டுத் தட்டினாள். வேலை முடிந்தது.

மௌலா அலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அந்த லாட்ஜ் இருந்த தெருவை மகளை விட்டு வரைபடத்தில் தேடச் சொன்னேன், அங்கே இப்போது வேறு ஏதோ கட்டடம். ஜரினா ஆன்ட்டி எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியவில்லை. இதெல்லாம் போகத்தான் போகும், போகட்டும். அப்பா போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டுவிட்டேன். கேட்டது கிடைக்கவில்லை என்று ஒரு பகல் முழுக்க அப்பாவோடு பேசாமல், அலையில் கால் புதைய நின்ற அந்த அம்மாவைத்தான் எனக்கு இப்போது பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவள் எந்த வருஷம், எந்த நாள் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறேன்.

எழுந்து போய் அறை வாசலில் நின்று, "அம்மா, ஊர்ப்பக்கம்தான் எடுத்திருக்கோம். பரவால்லியா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று இருந்தது. அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.